ஒரு போன், ஒரு ஆள்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். என்னிடம் வேலை பழகிய பெண். இப்போது பெங்களூரில் ஏதோ ஒரு புதிய செல்போன் விளையாட்டுக் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். உடம்பு எப்படி, முட்டிவலி எப்படி என்றெல்லாம் விசாரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், நம்ம ஆபீஸ்ல, கணக்கை மூடிட்டுப் போறவங்களுக்கு ஒரு பூட்டுத் திரை இருந்துச்சே, அதுல முதல்ல என்ன கேப்போம், அப்புறம் என்ன காட்டுவோம்? வரிசை ஞாபகம் இருக்கா? இங்க காசு கட்டி ஆடறதெல்லாம் இல்ல மேடம். வெறும் பாயின்ட்டுதான். ஆனா ஆளுங்க விட்டுட்டுப் போயிடறாங்க."

எனக்கு வரிசை நன்றாகவே ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் நம்பியிருக்க மாட்டாள். நான் எதையும் மறக்காதவள் என்பது என் கீழ் வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது. அவளிடம் சொல்லாத அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். அது ஒரு வீட்டில் என்ன செய்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அந்த வீட்டுக் கதையைத் தனியாகச் சொன்னால் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

நான் வாழ்நாளெல்லாம் போனில் பேசியே சோறு தின்றவள். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு செல்போன் கம்பெனியின் புகார் மேசை. பிறகு கிரெடிட் கார்டு. இரண்டு இடத்திலும் இரண்டு மொழியிலும் திட்டு வாங்கியிருக்கிறேன். என் அப்பா திருத்தணியில் மிஷன் பள்ளி ஆசிரியர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. அந்தத் தெலுங்குதான், ஐம்பது வயதுக்கு மேல் யாரும் வேலை கொடுக்காத காலத்தில், சொந்த ஊரிலேயே எனக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தது.

அது ஒரு ஆன்லைன் ரம்மி கம்பெனி. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. சித்தூர் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் பத்துப் பேர் உட்காரும் போன் மேசை ஒன்றைத் திறந்தார்கள். இங்கே எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆந்திராவில் அந்த ஆட்டத்துக்கு அப்போது தடை, இங்கே இல்லை. போன் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆப் திறக்கும். எல்லையோரத்தில் செல்போன் டவருக்கு மாநிலம் தெரியுமா? இந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவனை நீ ஆந்திராவில் இருக்கிறாய், ஆடக்கூடாது என்று ஆப் வெளியே தள்ளும். ஆந்திரப் பக்கம் நகரியில் இருப்பவனோ பைக் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஆடிவிட்டுத் திரும்புவான். இந்த மாதிரிப் புகாரெல்லாம் எங்களுக்கு வரும். கிருத்திகை நாளில் மலைக்குப் போகிற கூட்டத்தின் மைக் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, ஜன்னல்களை இழுத்து மூடிவிட்டுப் பேசுவோம்.

எங்கள் மேலதிகாரி மனோகர். வாரத்தில் இரண்டு நாள் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வருவார். ஒல்லியான மனிதர். ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு வாய் வாயாகக் குடிப்பார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. சீட்டு ஆடத் தெரியாது, லாட்டரி வாங்கியது கிடையாது. ஊழியர்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் பந்தியில் கடைசியில்தான் உட்காருவார். இவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படி எழுத முடியவில்லை.

அவருடைய வேலை முறை இது. ஒரே திரையை இரண்டு விதமாகச் செய்து, அச்செடுத்து, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். "எதுல ஆளுங்க நிப்பாங்க? சொல்லுங்க பார்ப்போம்" என்பார். நாங்கள் ஆளுக்கு ஒன்று சொல்வோம். ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு திரையும் மீதிப் பேருக்கு இன்னொரு திரையும் போகும். அடுத்த வாரம் வந்து முடிவைக் காட்டுவார். பெரும்பாலும் நாங்கள் சொன்னது தப்பாக இருக்கும். அதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம். "நம்ம அபிப்பிராயம் வேணாம் மேடம். அவங்க கட்டைவிரல் என்ன சொல்லுதுன்னு பாருங்க." ஜெயித்த திரை எல்லாருக்கும் போய்விடும், தோற்றது குப்பைக்கு. தோல்வி என்ற சொல்லே ஆட்டத்திலிருந்து அப்படித்தான் காணாமல் போனது. தோற்றவனுக்கு 'மிக அருகில் வந்தீர்கள்' என்று வரும். அப்படி வந்தால் அவன் இன்னொரு ஆட்டம் ஆடுகிறான் என்று கட்டைவிரல் சொல்லிவிட்டது.

பூட்டுத் திரையும் இப்படி வளர்ந்ததுதான். முதலில் அது ஒரே ஒரு பட்டன். எனக்கு இந்த ஆட்டம் வேண்டாம், என் கணக்கைப் பூட்டிவிடு என்று அழுத்தினால் பூட்டிவிடும். பிறகு, ஏன் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி சேர்ந்தது. அந்தக் கேள்வியிலேயே கொஞ்சம் பேர் திரும்பிவிட்டார்கள். அடுத்து, அவசரப்பட வேண்டாம், மூன்று நாள் யோசியுங்கள், அதன் பிறகு பூட்டுகிறோம் என்று ஓர் அவகாசம். கேட்பதற்கு எவ்வளவு நல்லதாக இருக்கிறது பாருங்கள். அதற்கடுத்து, அந்த மூன்று நாளில் காசு கட்டாமல் ஒரு முறை ஆட ஓர் இலவச மேசை. 'உங்கள் இடம் காலியாகவே இருக்கிறது' என்று போனில் செய்தி வரும். அந்த மேசையைத் தொட்டால் போதும், பூட்டு தானாக ரத்து. ரத்தானதைக் கீழே சின்ன எழுத்தில் சொல்வார்கள். ஒவ்வொன்றும் தனித்தனி வாரத்தில், தனித்தனிச் சோதனையில் ஜெயித்து வந்தது. போகிறேன் என்பவனைக் கையைப் பிடித்து உட்கார வைப்போம் என்று ஒரு நாளும் ஒருவரும் அந்த மாடியில் முடிவு எடுக்கவில்லை.

முனிரத்தினத்தை எனக்கு முதலில் எல்லைப் புகாரில்தான் தெரியும். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவர்.

"மேடம், நான் தமிழ்நாட்டுலதான் கீறேன். பொறந்ததே இங்கதான். உங்க ஆப்பு என்னைய ஆந்திராவுக்கு அனுப்பிகினே கீது."

சரி செய்து கொடுத்தேன். அடுத்து அவர் கூப்பிட்டபோது குரலில் அந்த வேடிக்கை இல்லை. பின்னால் தறி ஓடும் சத்தம், அதற்கு மேல் கத்தினார்.

"நான் பூட்டுன்னு அமுக்கிட்டேன் மேடம். சாமி மேல ஆணையா அமுக்கினேன். மறுபடி தொறந்து கீது. யார் தொறந்தது? நீங்கதான் ஆள் வெச்சு தொறக்கிறீங்க."

அவருடைய கணக்கைப் பார்த்தேன். பூட்டச் சொன்னது உண்மை. அன்று சாயங்காலமே இலவச மேசையைத் தொட்டு ஆடியிருக்கிறார் என்றும் இருந்தது. சொன்னேன். அவர் சத்தியம் செய்தார். இந்த மாதிரிச் சத்தியங்கள் எனக்குப் புதிதல்ல. குடித்தவன் குடிக்கவில்லை என்பது மாதிரிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து அதே எண்ணிலிருந்து ஒரு பெண். பின்னால் அதே தறிச் சத்தம். மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரிப் பேசினாள். பெயர் சரளா, முனிரத்தினத்தின் மனைவி.

"மேடம், அந்த ஆட்டத்தை நான் பூட்டினேன். மறுபடி தொறந்துகிச்சு. எப்படின்னு தெரியல."

"கணக்கு உங்க வீட்டுக்காரர் பேர்லதானேம்மா இருக்கு?"

"ஆங். பாவா ஆடறாருன்னு எனக்குத் தெரியும். விட்ட காசை எடுத்துட்டு, எடுத்ததும் பூட்டிடலாம்னுதான் நான் ஆடினேன். அவருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க மேடம். நாலு தறில ரெண்டு போயிடுச்சு. மீதி ரெண்டும் போச்சுன்னா நாங்க இந்த ஊர்ல தலை காட்ட முடியாது."

இன்னும் கொஞ்சம் விசாரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் ஒரே போன். தறி நிற்கக் கூடாது என்பதற்காக இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். அவர் தறியில் நிற்கும்போது போன் இவளிடம், இவள் நிற்கும்போது அவரிடம். அவர் மனம் கசந்து பூட்டிவிட்டுத் தறிக்குப் போவார். இலவச மேசை என்று செய்தி வரும்போது போன் இவள் கையில் இருக்கும். கணவன் பூட்டியிருக்கிறான் என்பது இவளுக்குத் தெரியாது, இலவசம்தானே என்று தொடுவாள், பூட்டு ரத்து. அடுத்த முறை இவள் அழுதுகொண்டே பூட்டுவாள், அவர் வந்து திறப்பார். இவள் ஆடுவது அவருக்குத் தெரியாது, இருவரும் ஆடுவது இவளுக்குத் தெரியும், ஆனால் தானே அவருடைய பூட்டைத் திறப்பது இவளுக்கும் தெரியாது. எங்கள் கணினிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பகலிலும் ஆடுகிற, சாயங்காலமும் ஆடுகிற, கூப்பிட்டால் உடனே வருகிற ஒரு தங்கமான வாடிக்கையாளர் என்று அது எழுதி வைத்திருந்தது.

எங்கள் மேசையிலிருந்து யார் கணக்கையும் பூட்ட முடியாது. அந்த அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. ஆகவே மனோகர் வந்த நாளில் கணக்கைத் திரையில் திறந்து வைத்து, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். வெந்நீரை மூடியில் ஊற்றினார், குடிக்கவில்லை.

"ரெண்டு பேருமே வெளிய போகணும்னு கதவைத் தட்டறாங்க சார்."

"தட்டிட்டு உள்ளதானே மேடம் இருக்காங்க?"

"ஒருத்தர் பூட்டினதை இன்னொருத்தர் தெரியாம தொறக்கறாங்க. நாமதான் தொறக்க வைக்கிறோம்."

"வீட்டுக்குள்ள யார் கையில போன் இருக்குன்னு பார்க்கறது நம்ம வேலை இல்ல மேடம். நமக்கு ஒரு போன், ஒரு ஆள்." கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு மரியாதை செய்கிற குரலில், "இது புகார் இல்ல மேடம். இது ஒரு தகவல். நல்லா கவனிச்சிருக்கீங்க" என்றார்.

அந்தப் பாராட்டு எதற்கு என்று அடுத்த முறை அவர் வந்தபோது புரிந்தது. இதே மாதிரி பகலில் ஒரு தினுசாகவும் சாயங்காலம் வேறு தினுசாகவும் ஆடுகிற போன்கள் எத்தனை இருக்கின்றன என்று தேடச் சொல்லியிருக்கிறார். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று தறி ஓடுகிற ஊர்களில் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கு 'ரெண்டு ஷிப்ட் போன்' என்று ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது. அந்த போன்களுக்கு மட்டும் இலவச மேசை ஒரு தடவைக்குப் பதிலாக இரண்டு தடவை போகும், கை மாறுகிற நேரம் பார்த்து. வழக்கம்போல இரண்டு தாள்களை மேசையில் வைத்து, எது ஜெயிக்கும் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மற்ற எல்லாரும் சொன்னார்கள். அந்த ஒரு முறை எல்லாரும் சரியாகச் சொன்னார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைத்தேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் பால்காரரிடம் பேசப் போய்விட்டார். ஒரு வீடு எரிகிறது என்று போய்ச் சொன்னேன், எங்கெங்கே கூரை வீடுகள் இருக்கின்றன என்று அவர்கள் கணக்கெடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

ஒருவர் கணக்கைப் பற்றி இன்னொருவரிடம் பேசக் கூடாது என்பது எங்கள் மேசையின் முதல் விதி. கணவன் மனைவி என்றாலும் கூடாது. அந்த விதியை நான்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஆபீஸ் போனில் பேசினால் பதிவாகும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகப் பொதட்டூர்பேட்டையில் மின்சாரத்தை நிறுத்துவார்கள், முதல் நாளே அறிவிப்பு வரும். அன்று தறி ஓடாது, இருவரும் வீட்டில் சும்மா இருப்பார்கள். அந்த நாளில் லீவு போட்டுவிட்டு, என் சொந்த போனிலிருந்து கூப்பிட்டேன்.

சரளாதான் எடுத்தாள். அவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றாள், குரல் அடங்கிவிட்டது.

"போனை ஸ்பீக்கர்ல போடும்மா."

"மேடம், வேணாம் மேடம்."

"போடு."

போட்டாள். நான் யார் என்று, நம்பிக்கை வருவதற்காக நான் போகிற சர்ச் வரைக்கும் சொன்னேன். "முனிரத்தினம், நீங்க பூட்டினது நெசம். நான் அன்னிக்கு நம்பல, தப்புதான். நீங்க பூட்டின ஒவ்வொரு தடவையும் அந்த இலவச மேசையைத் தொட்டுத் தொறந்தது உங்க சம்சாரம். அவங்க பூட்டினதைத் தொறந்தது நீங்க. கம்பெனிலேர்ந்து வர்ற அந்த மெசேஜைத் தொட்டா பூட்டு போயிடும். இதை உங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல. அதான் நான் சொல்றேன்."

வெளியே யாரோ பைக் உதைக்கிற சத்தம் கேட்டது.

"நீயும் ஆடினியா?" என்றார் அவர்.

"நீ விட்டதை எடுக்கத்தான் பாவா" என்றாள் அவள். அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவர், "போனை வை" என்றார். என்னிடம் சொன்னாரா அவளிடமா தெரியாது. இணைப்பு போய்விட்டது.

எனக்குப் பயமாக இருந்தது. பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒருவன் மனைவியை அடிக்க நான் வழி செய்துவிட்டேனோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் மாடிக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கணக்கைத் திறந்தேன். முந்தின நாள் சாயங்காலம் பூட்டச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாளும் கவனித்தேன். இலவச மேசை இரண்டு ஷிப்டும் தவறாமல் போனது. யாரும் தொடவில்லை. நான்காம் நாள் கணக்கு பூட்டிக்கொண்டது. அன்று மாடியில் இருந்த எல்லாருக்கும் நான் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று ரேவதி கேட்டாள். சும்மா என்றேன். என் வேலைக் காலத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

இந்தக் கதையை அங்கே நிறுத்திவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பூட்டுக்கும் எங்கள் கம்பெனியில் ஓர் ஆயுள் இருந்தது, ஆறு மாதம். அது முடிந்ததும் கணக்கு தானாகத் திறந்து, 'மீண்டும் வருக' என்று ஒரு செய்தி போகும். எனக்கு இது தெரியாததல்ல. ஆறு மாதத்தில் மனம் மாறியிருக்கும், ஒரு தடவை இருவரும் பேசிக்கொண்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஒளிவுமறைவுதான் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முனிரத்தினத்தின் கணக்கு உயிர்பெற்றிருப்பதைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். அவருக்குப் புதிதாக ஒரு பரிசு சேர்ந்திருந்தது. வேறு ஒருவரை ஆட்டத்துக்கு அழைத்து வந்தால் கொடுக்கிற பரிசு. அழைத்து வந்தது யாரை என்று பார்த்தேன். சரளா. புது எண், புது போன், அவள் பெயரிலேயே புதிய கணக்கு.

ஆபீஸ் போனிலிருந்தே கூப்பிட்டேன். பதிவானால் ஆகட்டும் என்று தோன்றிவிட்டது. என் குரலைக் கேட்டதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"மேடம், உங்கள நெனச்சுகினே இருந்தோம். நல்லா கீறீங்களா?"

"நீங்க எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா கீறோம் மேடம். இப்பல்லாம் சண்டையே இல்ல. அன்னிக்கு நீங்க பேசினப்புறம் ரெண்டு நாள் அவரு சாப்பிடல, நானும் சாப்பிடல. அப்புறம் எல்லாத்தையும் பேசிட்டோம். இப்ப ஒளிச்சு ஆடறதே கெடையாது. ஆளுக்கு ஒரு போனு. பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் ஆடறோம். அவரு தப்பா எறக்கினா நான் சொல்லுவேன், நான் தப்பு பண்ணா அவரு சொல்லுவாரு."

"தறி?"

"வித்துட்டோம் மேடம். பக்கத்து வீட்டுத் தறிலயே கூலிக்குப் போறோம். ஒரே ஷிப்டு. ஒண்ணா போறோம், ஒண்ணா வர்றோம். நீங்க அன்னிக்கு மட்டும் போன் பண்லன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன் மேடம். எங்க குடும்பத்தைச் சேத்து வெச்சதே நீங்கதான். சர்ச்சுக்குப் போவீங்கல்ல, எங்களுக்கும் சேத்து வேண்டிக்கோங்க."

பூட்டிவிடுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். யாரை எதிலிருந்து பூட்டச் சொல்வது? முன்பு அந்த வீட்டில் இரண்டு பேர், தனித்தனியாக, நாளுக்கொரு தடவையாவது வெளியே போக நினைத்தார்கள். இப்போது நினைப்பவர் யாரும் இல்லை.

பின்னால் முனிரத்தினத்தின் குரல், ஏதோ தெலுங்கில் ஞாபகப்படுத்தினார். சரளா சிரித்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்ல, சர்ச்சுல யாராச்சும் ஆடறவங்க இருந்தா சொல்லுங்க. ஒரு ஆளைச் சேத்தா எங்களுக்கு மூணு ஆட்டம் ஃப்ரீயா தர்றாங்க. அன்னிக்குப் பேசினீங்கல்ல, அந்த நம்பருக்கு லிங்க் அனுப்பட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் மேசைமேல் இருந்த என் போன் அசைந்தது. அனுப்பிவிட்டிருந்தாள்.